அம்மாவுக்குச் சொல்லாத இங்கிலீஷ் கதை

எட்டாம் வகுப்பு படித்தபோது இங்கிலீஷ் பாஷையின் வரலாறு எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். அர்த்தம் கேட்டால்தான் ஆபத்து. நல்லவேளை, ஒரே ஒரு ஆளைத் தவிர யாரும் கேட்கவில்லை.

காரைக்காலில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். மற்றவர்களுக்கு எரிமலை, காற்றாலை என்று கிடைக்க, எனக்கு மட்டும் ‘இங்கிலீஷ் வளர்ந்த கதை’. ஒரு சார்ட், ஐந்து நிமிடப் பேச்சு. பேச்சை மிஸ்ஸே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கதை நன்றாகத்தான் இருந்தது. பிரெஞ்சு பேசும் பிரபுக்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டார்கள். அரண்மனையில் பிரெஞ்சு, கோர்ட்டில் பிரெஞ்சு. முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட பெரிய மனுஷர் யாரும் இங்கிலீஷைச் சீந்தவில்லை. ஆட்டை மேய்த்தவன் அதை ‘ஷீப்’ என்றான். சமைத்து வைத்ததைத் தின்ற பிரபு ‘மட்டன்’ என்றான். கடைசி வரி இப்படி முடியும்: ஏர் ஓட்டியவர்களும் ஆடு மேய்த்தவர்களும் மீன் விற்றவர்களும் தங்கள் பிள்ளைகளோடு பேசிப் பேசியே அந்தப் பாஷையைக் காப்பாற்றினார்கள்.

என் அம்மா மீன் விற்பவள். திருவேட்டக்குடிக் கரையில் விடியற்காலை ஏலம் எடுத்து, காரைக்கால் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். ஒரு சாயங்காலம் அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நாலு நாளா என்னமோ சொல்லிக்கிட்டே கெடக்க. எனக்கும் சொல்லேன் புள்ள.”

“இங்கிலீஷ் எப்படி வளந்துச்சுன்னு. ஒனக்குப் புரியாதும்மா.”

“தமிழ்ல சொன்னா புரிஞ்சிட்டுப் போவுது.”

“தமிழ்ல சொன்னா எனக்கு மறந்துடும்!”

இன்று நினைத்தாலும் என் வாயிலேயே இரண்டு போடலாம் போலிருக்கிறது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கண்காட்சி என்றைக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கயிறு கோத்த அட்டை ஒன்று உண்டு. தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் வகுப்புத் தலைவி அதைக் கழுத்தில் மாட்டிவிடுவாள். கண்காட்சி அன்று அட்டை வாங்கினால் சார்ட் வைத்த மேசையை விட்டு விலகிவிட வேண்டும், பேச்சு வேறொருத்திக்குப் போய்விடும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அந்த வேறொருத்தியும் என் பின்னாலேயே தயாராக நின்றாள், பாவி.

பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். பாதி விற்ற கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, மார்க்கெட்டுக்கே பையில் எடுத்துப்போயிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் பூசி முகம் கழுவி வந்திருந்தாள். வியாபார நேரத்தில் கூடையை விட்டு நகராதவள் என் அம்மா. இரண்டு மேசை தள்ளி வகுப்புத் தலைவி அட்டையோடு நின்றுகொண்டிருந்தாள்.

மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘மட்டன்’ வந்த இடத்தில் மட்டும் முகம் மலர்ந்து தலையாட்டினாள். முடித்ததும் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

“நல்லா சொன்ன பாப்பா. ஒண்ணே ஒண்ணு. இது தொரைங்க பாஷைதானே? தொரைங்கதானே வளத்து வுட்டுருப்பாங்க?”

இல்லம்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தொரைங்க கைவுட்டுட்டாங்க, ஒன்னைப் போல உள்ளவங்கதாம்மா காப்பாத்துனாங்க என்று இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். வகுப்புத் தலைவி திரும்பிப் பார்த்தாள்.

“தேங்க்யூ மேடம். நெக்ஸ்ட் ப்ளீஸ்” என்றேன்.

அம்மா, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள். வாசலைத் தாண்டும்போது யாரோ ஒரு அம்மாவிடம் என்னைக் கைகாட்டிச் சொன்னாள்: “எம் மவ.”

அன்று எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சாயங்காலம் அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தாள். “மட்டன்னு ஒண்ணு சொன்னா, அது மட்டும்தான் புரிஞ்சுது. மத்ததெல்லாம் பெரிய படிப்பு அக்கா, நமக்கு எங்க வெளங்கும்!” நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அம்மா அதற்குப் பிறகு என் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. நானும் கவனிக்கவில்லை. மீன் விற்றவர்கள் பிள்ளைகளோடு பேசிப் பேசி ஒரு பாஷையைக் காப்பாற்றிய கதையை அன்றைக்கு ஊருக்கெல்லாம் சொன்னேன். மீன் விற்றுவிட்டு என்னோடு பேச வந்தவளுக்குப் பதில் சொல்லவில்லை. கழுத்தில் அட்டை விழவில்லை என்ற சந்தோஷத்தில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிப்போனேன்.