ஈமுவுக்கு ஆக்கிய சரக்குச் சோறு

தெஹிவளையில் அப்பா எப்போதோ வாங்கிப்போட்ட காணியில் என் தம்பி ஒரு சோடி ஈமுக்களை வளர்க்கிறான். கலியாணமே வேண்டாம் என்று நின்றவன், ஆள் உயரப் பறவைகள் இரண்டை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பறக்காத பறவையை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "பறந்து போகாதுதானே அக்கா," என்றான். அவனோடு கதைத்து யார் வெல்வது.

மழை விட்டு, விடியலில் லேசாகக் குளிரும் மாதங்களில்தான் அவை முட்டையிடும். ஒரு கைக்குள் அடங்காத கரும்பச்சை முட்டைகள். முதல் வருடம் தம்பி அவற்றை எடுத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்தான். கரண்ட் போய்ப் போய் வந்ததில் எல்லாம் கூழ்முட்டையாகின. அதைவிட, அடைகாத்த பறவை முட்டையில்லாத வெறும் மண்ணிலேயே நாட்கணக்காகக் குந்தியிருந்ததுதான் அவனை உலுக்கிவிட்டது. இந்த முறை கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அதன் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் போனேன். தம்பி தீன் வாங்க நுகேகொடைக்குப் போயிருந்தான். ஒரு பறவை சருகுக்குள் முட்டைகளை அணைத்தபடி கிடந்தது. மற்றது தொண்டைக்குள் மேளம் அடித்துக்கொண்டு வேலியோரம் உலாவியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் கிடந்து சாக, துரைக்கு உலாத்தல் கேட்கிறது.

அடுத்த நாளே மிளகு, மல்லி, உள்ளி அரைத்து, எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு ஆக்கும் சரக்குச் சோற்றை ஆக்கிக்கொண்டு போனேன். கிடந்த பறவை திரும்பியும் பார்க்கவில்லை. உலாவியது மட்டும் என் தோளுக்கு மேலால் கழுத்தை நீட்டிச் சட்டியை வழித்துத் துடைத்தது. குடையால் விரட்டியும் அசையவில்லை. தம்பி ஓடிவந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, அடைகாக்கிறவர் தகப்பன். முட்டை போட்டது இவ."

"அப்ப சோறு போகவேண்டிய ஆளுக்குத்தான் போயிருக்கு," என்றேன். நானும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் குஞ்சு வெளியே வரும்வரை தகப்பன் ஒன்றும் தின்னாது என்று அவன் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. வாரத்துக்கு வாரம் அதன் முதுகெலும்பு மேலே தெரிந்தது. இறகு தொங்கியது. பொறுக்காமல் ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"முட்டையை எடடா. அது செத்துப்போகும்."

"எடுத்தாத்தான் செத்துப்போகும் அக்கா. குஞ்சு வராட்டி அது எழும்பாது. போன முறை நான் பாத்தனான்."

ஆனாலும் போகும்போதெல்லாம் பப்பாசிப்பழம் கொண்டுபோனேன். அது தொட்டதேயில்லை.

ஒரு காலையில் தொலைபேசியில், "வெளிக்கிட்டு வாங்கோ," என்று மட்டும் சொன்னான். போட்டது போட்டபடி ஓடினேன். பறவை எழுந்து நின்றது. கால்கள் நடுங்கின. அவற்றுக்கிடையில் வரிவரியாகக் குஞ்சுகள். பப்பாசியை வெட்டிப் போட்டேன். அது ஒரு துண்டைக் கொத்திக் குஞ்சுகளின் முன்னால் போட்டது. அவை கொத்தத் தொடங்கியபின் இன்னொரு துண்டை எடுத்து விழுங்கியது. அந்தத் துண்டு நீளக் கழுத்து வழியே மெல்ல இறங்குவது வெளியே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தோசப்பட்ட நாட்கள் குறைவு.

"அக்கா, எனக்கும் சாப்பிட ஏதும் கொண்டந்தனீங்களோ?"

திரும்பிப் பார்த்தேன். வேலியில் சாய்ந்து நின்ற தம்பியின் சேர்ட் அவன் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. காணியிலிருந்த அவனுடைய சின்ன வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் குசினியில் தீன் மூட்டையும் காய்ந்த பாண் துண்டொன்றும்தான் இருந்தன. அடுத்த கடையில் அரிசி வாங்கி வந்து அடுப்பில் உலை வைத்தேன்.