பூஜையில் இருந்த ஜாக்கி

மாரண்டஹள்ளி மணியக்காரரின் காரை ஓட்டியவன் மாதையன். காரோடு சீமையிலிருந்து வந்த, வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கியும், டயரை நெம்பிக் கழற்றும் இரும்புப் பட்டைகளும் அவனுக்கு உயிர். 1938-ல் ஆயுத பூஜைக்கு அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், எண்ணெய் பூசிப் பொட்டு வைத்தான்.

மறுநாள் மணியக்காரரின் மருமகள் செல்லம்மாளுக்கு இடுப்புவலி கண்டது. மணியக்காரரும் மாமியாரும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலக்கோடு தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயர் இருந்தது. மாதையன் கருவிப் பெட்டியைத் திறந்தான். ஒன்றுமில்லை.

"என்னாச்சு மாதையா?" என்றார் மணியக்காரர்.

"சாமானெல்லாம் வூட்டு பூஜையில இருக்குதுங்க."

மணியக்காரர் இறங்கிச் சாலையை மறித்து நின்றார்.

எதிரே வந்த மாட்டுவண்டியைத் திருப்பி, ராகி மூட்டைகளை இறக்கிவிட்டுச் செல்லம்மாளை ஏற்றினார்கள். கூடவே அவள் மாமியாரும் ஏறிக்கொண்டாள். மாதையன் பின்னாலேயே ஓடினான். அவள் அலறும்போதெல்லாம் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினான். பாதி வழியில், வண்டியிலேயே பெண் குழந்தை பிறந்தது.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கறோம். வந்து கொழந்தயப் பாருண்ணா" என்று செல்லம்மாளே கூப்பிட்டாள்.

மாதையன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி மண்ணையே பார்த்து நின்றான்.

அந்தப் பெண் வளர்ந்து, "மாதண்ணா, என்னையும் கார்ல ஏத்திக்க" என்று ஓடிவரும்போதுகூட, அவள் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை.