அக்கா சுக்கான் பிடித்த நாள்

பலேர்மோவில் எனக்கு வீடு துடைக்கும் வேலை. ஞாயிறு கோயிலுக்குப் போவேன், திங்கள் கடலுக்குப் போவேன். இதைக் கேட்பவர்கள் முதலில் என் கைகளைத்தான் பார்ப்பார்கள். தூண்டிலின் தங்கூசி நூல் அறுத்த தழும்புகள் விரல்களில் இருக்கும். அவற்றை நான் மறைப்பதில்லை.

என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். உணவகம் நடத்தும் அம்மா என் வயதுக்காரி. திங்களில் கடையைப் பூட்டிவிட்டுச் சின்னப் படகில் தூண்டில் போடப் போவாள். ஒருநாள் கூடப் போக ஆளில்லாமல், கடை கழுவிக்கொண்டிருந்த கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மாட்டிய மீனை அள்ளும் கைவலையைப் பிடிக்கத்தான் போனேன். நாலைந்து கோடைக்குப் பிறகு அவளுக்கு இடுப்பு வலி வந்தபோது படகின் சாவியை என்னிடம் தந்து, "நீயே ஓடு, எனக்கு ஒரு மீன் கொண்டுவா" என்றாள். வன்னியில் குளத்தோடு வளர்ந்த என் கணவர் படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பார். கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போவதோடு அவர் பங்கு முடிந்துவிடும்.

என் அக்கா கனடாவின் மேற்குக் கரையில், பசிபிக் பக்கத்தில் ஒரு தீவில் இருக்கிறாள். அம்மா இறந்த பிறகு எங்களுக்குள் பேச்சு மெல்ல மெல்ல வற்றிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. போனில் அம்மாவைப் பற்றித் தொடங்குவோம், இருவரும் அழுவோம், வைத்துவிடுவோம். பிறகு அந்த அழுகைக்குப் பயந்தே எடுக்காமல் விட்டோம். நத்தார் பண்டிகைக்கும் பெரிய வியாழனுக்கும் மட்டும் ஒரு செய்தி வரும்.

ஒரு திங்கட்கிழமை பாரைச் சாதியில் பெரிய மீன் ஒன்று பிடித்தேன். இங்கே அதை ரிச்சோலா என்பார்கள். படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

"எவ்வளவு ஆழத்திலை பிடிச்சனீ?"

சுகம் விசாரிக்கவில்லை, வணக்கமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் ஒரு அலுமினியப் படகு வாங்கியதும், அவளும் அவருமாக வார முடிவில் சால்மனுக்கும் ஹாலிபட்டுக்கும் போவதும் அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

அதற்குப் பிறகு வாரா வாரம் கதைத்தோம். கடலைப் பற்றி மட்டும். "இஞ்சை மூடுபனி, மூக்கு நுனி தெரியேல்லை" என்பாள். "இஞ்சை வாடைக் காத்து, அலை கிடந்து குதிக்குது" என்பேன். ஹாலிபட் என்றால் என்ன என்று கேட்டதற்கு, "எங்கடை நாக்குமீன்தான். ஆனா கதவளவு. வத்தும் பெருக்கும் மாறேக்கை தண்ணி கொஞ்ச நேரம் அசையாமல் நிக்கும். அப்பத்தான் அடியிலை கிடந்து எடுக்கும்" என்றாள். எங்கள் கடலில் நீர் ஏறி இறங்குவது முழங்கால் அளவுக்குக்கூட வராது என்று சொன்னதை அவள் நம்பவில்லை. "அது கடலே? குளம்" என்றாள். வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு மனம் அந்தப் போனை எதிர்பார்க்கும்.

போன வருடம் வசந்த காலத்தில் அத்தான் காலமானார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா கடலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் போன் எடுத்தால், "சாப்பிட்டன்", "படுத்தன்" என்பாள். படகு வீட்டு முற்றத்தில் படங்கு போட்டு மூடிக் கிடப்பதாகவும், அதை விற்றுவிடலாம் என்று தான் சொல்லியும் தன் அம்மா பதிலே சொல்வதில்லை என்றும் அவள் மகள் எனக்கு எழுதினாள். அக்காவை இங்கே அனுப்ப டிக்கெட் பார்க்கச் சொன்னேன். ஒக்டோபரில் அக்கா வந்து இறங்கினாள்.

பலேர்மோவின் ஒரேத்தோ பகுதியில் எங்கள் வீடு சிறியது. வந்த மறுநாளே என் சமையலறையைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். நான் வேலைக்குப் போய் வரும்போது சோறு, கறி, சொதி எல்லாம் ஆயத்தமாக இருக்கும். வியா மக்வேதா கடைத்தெருவில் நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். கடைகளைப் பார்க்காமல் கல்லைப் பார்த்து நடந்தாள். கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை நானே தொடங்கினேன்.

"அக்கா, திங்கள் நான் கடலுக்குப் போறன். வாறியளே?"

"நீ போட்டு வா. நான் கரையிலை நிக்கிறன்."

திங்கள் விடியற்காலை ஜன்னலைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் சூடு அடித்தது. கொடியில் போட்ட துணி விறைத்துக் காய்ந்திருந்தது, காரின் மேல் மஞ்சள் தூசி. ஆபிரிக்காவிலிருந்து வரும் தென்காற்று, சிரோக்கோ. எங்கள் ஊர்ச் சோளகக் காற்றுக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். படகைக் கடலுக்கு விடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் கணவருக்குக் கடையில் கழுவும் வேலை இருந்தபடியால் மூவரும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனோம்.

அங்கே கடல் கண்ணாடி போலக் கிடந்தது. கட்டிய படகுகள் அசையவில்லை. அக்கா துறையின் விளிம்பில் போய் நின்று நெடுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, வந்த நாளிலிருந்து நான் கேட்காத ஒரு குரலில் சொன்னாள்:

"நானும் வாறன். வெளிக்கிடு."

எவ்வளவு காத்திருந்தேன் அந்த வார்த்தைக்கு. ஆனாலும், "இண்டைக்கு ஏலாது அக்கா" என்றேன்.

"ஏன்? தட்டுப் போலை கிடக்கு."

"காத்து கரையிலையிருந்து கடலுக்கு அடிக்குது. மலை மறைக்கிறதாலை இஞ்சை தெரியேல்லை. வெளியிலை போனால் எங்களைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரேக்கை நேர் எதிர்க்காத்து. இந்த எஞ்சின் காணாது."

"அத்தான் இதைவிட மோசமான கடலிலை கூட்டிக்கொண்டு போனவர்."

"அத்தானின்ரை எஞ்சின் பெரிசு. அந்தக் கடல் அவருக்குத் தெரியும். இந்தக் கடல் எனக்குத் தெரியும். நான் இண்டைக்கு எடுக்கமாட்டன்."

அவள் முகம் சிவந்தது. "அவர் போன பிறகு நான் வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுத் துறை நெடுக நடந்து போய்விட்டாள்.

கோப்பியோடு வந்த கணவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "கொஞ்சத் தூரம் எண்டாலும் கூட்டிக்கொண்டு போவன்" என்று மெதுவாகச் சொன்னார். "கொஞ்சத் தூரம் எண்டு ஒண்டு இந்தக் காத்திலை இல்லை" என்றேன். அவர் அக்காவின் கோப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடை கழுவப் போனார். என் முடிவில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நான் படகு ஓட்டும் நாள்களில் யாரையாவது சமாதானப்படுத்துவதற்காக வெளிக்கிட்டிருந்தால் எப்போதோ என்னைக் கடலில் தேடி ஆள் அனுப்பியிருப்பார்கள்.

அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோப்பி ஆறிப் போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு வெளிக் கடலைப் பார்த்தாள். வெயில் ஏறியிருந்தது. குடாவின் வாய்க்கு அப்பால் கருநீலமாக ஒரு கோடு, அதில் வெள்ளை வெள்ளையாக நுரை. என்னிடம் ஒன்றும் கேட்காமலே "ஓம், உண்மைதான்" என்றாள். பிறகுதான் அழத் தொடங்கினாள்.

"நான் ஒரு நாளும் படகு ஓடேல்லையடி. வேகம் பாத்தது நான், ஆழம் சொன்னது நான், கைவலை பிடிச்சது நான். சுக்கான் அவரின்ரை கையிலைதான். நான் கேக்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை. இப்ப மகள் கேக்கிறாள், ஓடத் தெரியாத உங்களுக்குப் படகு என்னத்துக்கு எண்டு. நான் என்ன பதில் சொல்ல?"

நான் அவள் முதுகைத் தடவினேன். எழுந்து போய், நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு வரமாட்டேன், அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை முழு நாளும் நிற்கிறேன் என்றேன். அவள் முனகிவிட்டுச் சம்மதித்தாள். உணவகத்து அம்மாவிடமும் கேட்டேன். "மத்தியானத்துக்கு முன் படகு துறையில் இருக்க வேண்டும்" என்றாள். போதும்.

இரவில் காற்று விழுந்துவிட்டது. செவ்வாய் காலையில் மெல்லிய வாடை, முகம் கழுவியதுபோலக் குளிர். முந்திய நாளின் அசைவு தண்ணீரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது நல்லது, மீன் இரை தேடும். குடாவுக்குள்ளேயே சின்னத் தூண்டிலில் இரைக்கு முரல் மீன் பிடித்து வாளியில் உயிரோடு விட்டோம். அக்கா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு என் பெட்டியைக் கிளறினாள். ஈயக்குண்டை எடுத்து, இரை நடுத்தண்ணீரில் நிற்கும்படி நூலில் பொருத்தினாள். சால்மனுக்கும் இப்படித்தானாம். நான் கட்டுவதைவிட இறுக்கமான முடிச்சு.

கப்போ கால்லோ மலையின் அடியில் காப்புக் கடல் இருக்கிறது. மஞ்சள் மிதவைகளுக்கு உள்ளே தூண்டில் போடக் கூடாது. அவற்றைத் தாண்டியதும் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து அக்காவை என் பக்கம் கூப்பிட்டேன்.

"இஞ்சை வந்து இருங்கோ. இதைப் பிடியுங்கோ."

"நான் கேக்கேல்லையே."

"கேக்க வேண்டாம். பிடியுங்கோ."

அவள் உட்கார்ந்து பிடியை வலப்பக்கம் தள்ளினாள். படகு இடப்பக்கம் திரும்பியது. பதறி இன்னும் தள்ளினாள். நாங்கள் முழு வட்டம் அடித்து எங்கள் நுரையையே வெட்டிக்கொண்டு போனோம். "எதிர்ப்பக்கம் போகும் அக்கா, அவசரப்படாதையுங்கோ" என்றேன். இரண்டாவது வட்டத்தில் பிடிபட்டுவிட்டது. வேகத்தை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முரல் தண்ணீரில் சுழலாமல் நீந்தும் வேகம் எது என்பது நூலைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அத்தானுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானே.

வெயில் மலை உச்சியைத் தொட்டபோது தூண்டில் கம்பு ஒன்று வளைந்தது. ரீல் கீச்சிட்டு ஓடியது. நான் கம்பைப் பிடித்துக்கொண்டு, "வெளியிலை" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா படகை ஆழத்துப் பக்கம் திருப்பிவிட்டாள். ரிச்சோலா தூண்டிலில் கொழுவியதும் பாறைக்குத்தான் ஓடும். பாறையில் உரசினால் நூல் போய்விடும். மீன் அடிக்கு இழுத்தது, படகு வெளியே இழுத்தது, நடுவில் என் தோள்கள். ஒரு தடவை நூல் கல்லில் உரசும் நடுக்கம் கைக்கு வந்தது. "வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ" என்றேன். கூட்டினாள். உரசல் நின்றது.

மெல்ல மெல்ல ஏறியது. பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளி வயிறு புரண்டதைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு ஒரு சிக்கல் விளங்கியது. கம்பை நான் விட முடியாது. கொக்கித்தடி படகின் முன்பக்கம் கிடந்தது. அக்கா சுக்கானில்.

"இப்ப என்ன செய்யிறது?" என்றேன்.

"நீ பேசாமல் பிடி."

எஞ்சினின் கியரை நடுநிலையில் போட்டாள். படகு தானாக மிதந்து திரும்பும்வரை பொறுத்திருந்தாள், மீன் எங்கள் பக்கம் வரும்படி. பிறகு எழுந்து என்னைக் கடந்து போய்த் தடியை எடுத்து, குனிந்து, ஒரே வீச்சில் கொக்கியை மாட்டி உள்ளே இழுத்துப் போட்டாள். மீன் அடித்த அடியில் வாளி கவிழ்ந்து முரல்கள் எங்கள் கால்களுக்கு நடுவே துள்ளின. இருவரும் படகின் அடியில் குந்தியிருந்து மூச்சு வாங்கினோம். அவள் நெற்றியில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"எங்கடை ஹாலிபட் இப்பிடி ஓடாது. பாரம் மட்டும்தான்" என்றாள். "இது நல்ல சண்டைக்காறன்."

துறைக்கும் அவளையே ஓட்டச் சொன்னேன். கடைசித் திருப்பத்தில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது. படகின் மூக்கு சுவரில் உரசிப் பெயின்ற் போனது. கயிற்றைப் பிடித்த என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். உணவகத்து அம்மா ஊன்றுகோலோடு வந்து கீறலையும் பார்த்தாள், மீனையும் பார்த்தாள். "யார் படகு ஓட்டியது?" என்று கேட்டாள். "என் அக்கா" என்று இத்தாலியனில் சொன்னேன். "முதல் தடவையாக" என்றும் சேர்த்துக்கொண்டேன். பெயின்ற் தன்னிடம் நிறைய இருப்பதாகச் சொல்லிவிட்டு, மீனின் நடுத்துண்டைத் தனக்கு என்று காட்டினாள்.

அன்று எங்கள் வீட்டில் மீன்தலைக் கறி. கணவர் அடுப்பில் நின்றார். அக்கா மீனை வெட்டிக்கொண்டிருந்தவள், கையைக் கழுவாமலே போனைத் தோளில் இடுக்கி மகளை அழைத்தாள். "படகை விக்க வேண்டாம்" என்றாள். மறுபக்கம் என்ன சொன்னார்களோ, "ஓடப் பழகிறன். அதுக்கு வகுப்பு இருக்குத்தானே" என்றாள். கொஞ்ச நேரத்தில் மகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"சின்னம்மா, அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை மகள். சுக்கானைக் குடுத்தன்."

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சரி, நானும் கூடப் போய்ப் பாக்கிறன்" என்றாள்.

அக்கா திரும்பிப் போய்க் குளிர்காலத்தில் வகுப்புக்குப் போனாள். இந்த வசந்தத்தில் படங்கை எடுத்தாள். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணொருத்தி கூடப் போகிறாள். மகளும் இடைக்கிடை போகிறாள். முதல் சால்மன் கைவலைக்குப் பக்கத்தில் வந்து தப்பிவிட்டதாம், இரண்டாவது தப்பவில்லை. ஒரு ஹாலிபட் அங்கே சட்டம் அனுமதிக்கும் அளவைவிடப் பெரிதாக இருந்ததால் தண்ணீரிலேயே தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டார்களாம். அதைச் சொல்லும்போது பிடித்ததைவிடச் சந்தோஷமாகச் சொன்னாள்.

போன மாதம் அங்கிருந்து வந்த ஒரு உறவினரிடம் புகையில் வாட்டிய சால்மன் கொடுத்து அனுப்பியிருந்தாள். என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டு யோசித்தார். "உறைப்புக் காணாது" என்று சொல்லி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிரட்டிவிட்டார். நான் தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிட்டோடு நன்றாகத்தான் இருந்தது. சிஞ்ஞோராவுக்கும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்தேன்.