கணவாய்க்கறியும் பஃபலோப் பாலமும்

லொறிகளின் டீசல் புகையும் புளிக்கத் தொடங்கிய கணவாய் மீன்கறியும் சேர்ந்தால் எப்படி மணக்கும் என்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அது பத்து வயதில் மூக்குக்குள் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. கனடாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் அந்தப் பஃபலோப் பாலத்தைப் படமெடுத்து "என்ன வடிவு" என்று யாராவது போட்டால் எனக்கு அந்த மணம்தான் முதலில் வரும்.

அந்தக் கோடையில் நாங்கள் கனடாப் பக்கம், டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மெண்டில் இருந்தோம். யோகன் சித்தப்பா ஊரிலிருந்து எப்படியோ அமெரிக்கா வந்துசேர்ந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் அகதிகள் விடுதியொன்றில் காத்துக்கிடந்தார். கனடாவில் கூடப்பிறந்தவர் இருந்து, அவர் நேரில் வந்து சொன்னால், பாலத்தில் வைத்தே உள்ளே எடுப்பார்கள். அப்பா முதல்நாளே காரைக் கழுவினார். அம்மா விடியவே எழும்பிப் புட்டும் கணவாய்க்கறியும் சமைத்து, "பாவம், பாண் திண்டு திண்டு நாக்குச் செத்திருக்கும்" என்று பெட்டியில் போட்டு மூடினா.

பாலத்தடி அலுவலகத்தில் அப்பாவை ஓர் அறையிலும் சித்தப்பாவை இன்னோர் அறையிலும் வைத்து விசாரித்தார்கள். வெளியே மரவாங்கில் குந்தி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும், பக்கத்தில் நானும். உள்ளே இரண்டு பேரிடமும் தாயின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் உண்மையைச் சொல்ல, இரண்டு பெயர் வந்தது. யோகன் சித்தப்பா, அப்பாவின் தகப்பனுடைய தம்பி மகன். அப்பாவோடு ஒரே வீட்டில் ஒரே சோற்றுப்பானையில் வளர்ந்தவர். அவரைத் தம்பி என்று சொல்வது பொய்யாகலாம் என்று எங்கள் வீட்டில் சத்தியமாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்படியென்றால் இவர் உங்கள் கசின்" என்றார் அப்பாவோடு வெளியே வந்த அதிகாரி.

"கசின் எண்டா மச்சான்மார். உவன் என்ரை தம்பியெண்டு சொல்லு பிள்ளை" என்றார் அப்பா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் கத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. தம்பிக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, கசினுக்கு இல்லை என்று, கடையில் சாமான் முடிந்துவிட்டது என்பதுபோல மெதுவாகச் சொன்னார். அந்தப் பதமான குரலை நினைத்தால் இன்றைக்கும் சீ என்று வருகிறது.

சித்தப்பாவைத் திருப்பிக் கொண்டுபோகும் வழியில் எங்களுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினார்கள். "அண்ணை, நான் என்ன பிழையாச் சொன்னனான்? அம்மான்ரை பேரைத்தானே கேட்டவை" என்றார். அப்பா "நீ ஒண்டும் பிழை விடேல்லை தம்பி" என்றார். பெட்டியைக் கொடுக்க விடவில்லை. வெள்ளை வானொன்று அவரைப் பாலத்தின் மேலே ஏற்றிக்கொண்டு போனது.

திரும்பி வரும்போது நெரிசல், வெயில், முன்னும் பின்னும் லொறி. கறி புளித்து மணந்தது. அம்மா அதைக் கொட்ட விடவுமில்லை, மடியிலிருந்து இறக்கவுமில்லை. நான் வழியில் இரண்டு தரம் சத்தி எடுத்தேன்.

அதைவிட அருவருப்பு அடுத்த நாள் வந்தது. துக்கம் விசாரிக்க வந்த சனம் எங்கள் சோபாவில் குந்தி ரோல்ஸ் கடித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே தாயின்ரை பேரைச் சொல்லிக்குடுத்துக் கூப்பிட்டிருக்கலாமே, உதுகூடவோ தெரியாது?" என்று அப்பாவுக்குப் புத்தி சொன்னது. எப்போதோ செத்துப்போன தன் தாயை அப்பா மாற்றிச் சொல்லாதது அவர்களுக்கு மொக்குத்தனமாகப் பட்டது. சித்தப்பா சில மாதம் அமெரிக்கத் தடுப்பு முகாமில் இருந்து, கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இறங்கிய பிறகு ஒரு செய்தியும் இல்லை.

இப்போது அதே பாலத்தால் எங்கள் சனம் மலிவுச் சப்பாத்துக்கும் பெற்றோலுக்கும் போய் வருகிறது. நானும் போயிருக்கிறேன், வெட்கக்கேடு. போன மாதம் மோர்னிங்சைட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. லண்டனிலிருந்து வந்திருந்த ஒருவர், யோகன் சித்தப்பாவைப் போலவே அப்பாவுக்குத் தம்பி முறையானவர், "அண்ணை!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அப்பா அவரை என் மகனுக்குக் காட்டி, "உவர் என்ரை கசின்" என்றார்.

"கசினோ? என்னண்ணை, நான் உங்கடை தம்பியெல்லோ?" என்று அவர் சிரித்தார்.

"சட்டப்படி கசின்" என்று சொல்லிவிட்டு, அப்பா கணவாய்க்கறித் தட்டத்தைத் தாண்டிப் போய்ப் பருப்பை மட்டும் போட்டுக்கொண்டார்.