ஆணிப்பெட்டித் தட்டி

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே அறைதான். அக்கா சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த ஆண்டில் சமையலும் வானொலியும் என் அழுகையும் அவளுடைய புத்தகத்தின் மேலேயே நடந்தன. மூலையை மறைத்து ஒரு தட்டி அடித்துக் கொடுத்தால் அவள் தேறிவிடுவாள் என்று அம்மா நம்பினார். பிளைவுட் பலகை வாங்க ஹட்டனுக்குப் புறப்பட்டபோது நானும் ஒட்டிக்கொண்டேன். பஸ்ஸின் கூரையில் எங்கள் பலகை ஏறுவதைப் பார்க்க வேண்டும். என் நோக்கம் அவ்வளவுதான்.

கடை முதலாளி, அம்மாவைத் தங்கச்சி என்றழைக்கும் முஸ்லிம் பெரியவர், வழுவழுப்பான பலகையொன்றை எடுத்து நிறுத்தினார். அம்மா தடவிப் பார்த்துவிட்டு, எந்தக் காட்டு மரம் என்று கேட்டார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"தெரியாது தங்கச்சி. கப்பல்ல வருது. இன்ன காடுன்னு நான் சொன்னா அது பொய்."

இன்று, எந்தக் காட்டு மரம் என்று பலகைக்குச் சான்றிதழ் கேட்பதே என் உத்தியோகம். அத்தனை நேர்மையான பதில் பிறகு எனக்குக் கிடைத்ததில்லை.

நாங்கள் அந்தக் கடைக்குப் போனதற்கு முந்தைய ஆண்டுதான் எங்கள் லயத்துக்கு மேலேயிருந்த காட்டை வெட்டிப் பலகை ஆலைக்கு லொறியில் ஏற்றியிருந்தார்கள். அடுத்த வெயிலில் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலி வற்றியது. கொழுந்து பறித்த களைப்போடு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலைக்கு நடந்தார்.

"இத வெட்டுன எடத்துலயும் ஒரு பீலி இருந்திருக்கும்ல, மொதலாளி?" என்றார்.

முதலாளி பலகையை மீண்டும் சுவரில் சாய்த்தார். பிறகு உள்ளே போய், ஆணி போட்டுவைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டிகள் நான்கைக் கவிழ்த்துக் கொடுத்தார். ஒரு காலத்தில் எங்கள் தேயிலை இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் கப்பலேறியது; அவையும் பிளைவுட்தான்.

எனக்கு அவமானமாக இருந்தது. "ஆணிப்பெட்டிக்குள்ளயா ஒங்கக்காவ அடைச்சு வச்சிருக்காங்க?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டதிலிருந்து இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. அவரோ பெட்டிகளின் உட்புறத்து ஈயத்தாளை உரிக்காமல், அது அக்காவின் பக்கம் பார்க்கும்படி தட்டியை அடித்தார். அவளுடைய ஒற்றை விளக்கு இரண்டாக எரிந்தது. அக்கா தேறினாள்.

தட்டிக்குப் போக மிஞ்சிய துண்டுகளை நான் அடுப்பில் போடப் போனேன். விறகெல்லாம் நனைந்து கிடந்த மழைக்காலம் அது. அம்மா அவற்றை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து, கட்டிலுக்கடியில் அடுக்கினார். அந்தப் பெட்டிகளும் என்றோ ஏதோ ஒரு மலையிலிருந்து இறங்கிய மரம் என்பதை அவர் மறக்கவில்லை.

அன்று அதைக் கஞ்சத்தனம் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.