சனிக்கிழமைத் துஷ்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நண்பர் செல்வனோடு குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தேன்.

செல்வனுக்கு விநோதமான உத்தியோகம். ஒரு திட்டத்தால் பலன் உண்டா என்று மதிப்பிடுவார்கள் இல்லையா... அதற்கும் முன்னால், அது மதிப்பிடுகிற நிலையிலாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவர். பெண் பார்க்கப் போகலாமா என்று விசாரித்து வருகிற ஆள் மாதிரி.

இங்கே திட்டம் — சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்குக் கவுன்சலிங். இரண்டு வருஷமாக, சனிக்கிழமைதோறும் வீடுதேடிப் போகிறார்கள். கூட வந்த ஒருங்கிணைப்பாளர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர்.

"திட்டம் முடியும்போது இந்த அம்மாக்கள் எப்படி இருக்கணும்?" என்று செல்வன் கேட்டார்.

அவர் யோசித்தார். "அதை எழுதி வைக்கல சார். ஆனா எல்லாரும் மனசு விட்டு அழறாங்க."

முதலில் போன வீட்டில், லூர்து மேரி என்ற அம்மா எங்களுக்குப் பாய் விரித்தார். கட்டன் காப்பி தந்தார். நாங்கள் உட்கார்ந்ததும், இரண்டு மகன்களையும் கடல் கொண்டுபோனதைச் சொல்லி அழத் தொடங்கினார்.

செல்போன் அடித்து ஒருங்கிணைப்பாளர் வெளியே போனார். லூர்து மேரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவங்க எப்ப சாரே வாறத நிறுத்துவாங்க?"

"ஏம்மா, ஆறுதலா இல்லையா?" என்றார் செல்வன்.

"துஷ்டி கேக்க, துக்கம் விசாரிக்க வாறவங்க முன்னால அழாம இருந்தா மரியாதையா? வருசப் பூசையும் முடிச்சாச்சு. சொந்தக்காரங்க எல்லாம் நிறுத்தியாச்சு. இவங்கதான் வாராவாரம்... துஷ்டிக்கு வாறவங்கள வராதீங்கன்னு சொல்ல முடியுமா? எம் மகளப் பொண்ணு பாக்க அடுத்த ஊர்ல இருந்து சொல்லாம கொள்ளாம வந்தாவ. அன்னைக்கும் சனிக்கிழமை. அழுக சத்தம் கேட்டு, வாசலோட திரும்பிட்டாவ. பொறவு வரவே இல்ல."

அவர்கள் வருவதால் இவர் அழுகிறார். இவர் அழுவதால் அவர்கள் வருகிறார்கள். இதில் எதை மதிப்பிடுவது? எனக்குக் கோபம்தான் வந்தது... நல்லவர்கள்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டு கொட்டுவது?

துஷ்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. செல்வனும் நானும் பேசாமல் எழுந்தோம். திரும்பி வந்த ஒருங்கிணைப்பாளர் கைகூப்பினார் — "போயிட்டு வர்றோம்மா."

'திட்டம் மதிப்பிடும் நிலையில் இல்லை. முதலில் வீடுகளுக்குப் போவதை நிறுத்துங்கள்' என்று செல்வன் எழுதிக்கொடுத்தார். அலுவலகத்தில் படிப்பதை முதல் வரியோடு நிறுத்திவிட்டார்கள் போல. திட்டத்தை அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டுமாம்... புதன்கிழமையும் சேர்த்துவிட்டார்கள்.

லூர்து மேரியின் வீட்டில் இப்போது வாரத்துக்கு இரண்டு துஷ்டி.