சுவரில் தட்டும் பழக்கம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தில் யாராலும் நிம்மதியாகச் சோர்ந்துபோய்ப் படுத்திருக்க முடியாது. வரிசையாகப் பத்து வீடு, வீட்டுக்கு வீடு ஒரே சுவர். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கக் கிளம்பும் முன், பக்கத்து வீட்டுக்காரி சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். எழுந்துவிட்டாயா என்று அர்த்தம். நாம் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் போச்சு. ஐந்தே நிமிடத்தில் நான்கு பேர் உள்ளே வந்து நிற்பார்கள். ஒருத்தி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், ஒருத்தி இஞ்சித் தேத்தண்ணி நீட்டுவாள், இன்னொருத்தி புருஷனோடு என்ன சண்டை என்று விசாரிப்பாள். கோபித்துக்கொண்டு ஒரு வேளை பட்டினி கிடக்கக்கூட அங்கே வசதி இல்லை.

கணவர் இறந்த பிறகு தையல் கடை வேலைக்காகப் பதுளைக்கு வந்தேன். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். இந்தப் பக்கம் நான், நானும் தனியாகத்தான். முதல் நாள் விடியலிலேயே கை தானாகப் போய்ச் சுவரில் தட்டியது. பதில் இல்லை. ஆனால் அவருடைய ரேடியோச் சத்தம் சட்டென்று குறைந்தது. காதில் விழுந்திருக்கிறது, திருப்பித் தட்டத்தான் மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன். சரியான தலைக்கனம்! இருந்தாலும் பழக்கம் விடுமா? தினமும் நான் தட்டுவேன், தினமும் ரேடியோ குறையும். கேட்டில் பார்த்தால் இருவரும் உப்பில்லாத புன்னகை ஒன்றைச் செலவழித்துவிட்டு நகர்வோம். இப்படியே எட்டு மாதம்.

பிறகு தையல் கடையை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடிப் பசறை வரை போய் வந்தேன், கிடைக்கவில்லை. ஒரு காலை விழித்தபோது எதற்காக எழ வேண்டும் என்று யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் ஒரு காரணமும் தோன்றவில்லை. அடுப்பு மூட்டவில்லை, சுவரில் தட்டவுமில்லை. நான் இல்லாமல் போனால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் டீச்சரின் ரேடியோ அலறத் தொடங்கியது. முதலில் பக்திப் பாட்டு. அப்புறம் செய்தி, இன்னும் பலமாக. அடுத்து மரண அறிவித்தல், சுவரே அதிரும்படி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! கூந்தலைக்கூட அள்ளி முடியாமல் போய் அவர் கதவை இடித்தேன்.

"ஏங்க டீச்சர், செத்தவங்களுக்கே கேக்குற மாதிரியா வைக்கிறது? மனுசர் படுக்க வேணாமா?"

கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"அப்பாடா! ரெண்டு நாளா நீர் தட்டேல்லை. சத்தத்தைக் கூட்டினா எப்பிடியும் சண்டைக்கு வருவீர் எண்டு தெரியும்."

"வந்து கூப்புட்டிருக்கலாமே?"

"என்னெண்டு கூப்பிடுறது? சண்டை பிடிக்கிற ஆளை!"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.

"ஐயோ, நான் ரேடியோவுக்காகத் தட்டலைங்க. எந்திரிச்சிட்டீங்களான்னு கேக்கத்தான் தட்டுனேன். எங்க லயத்துல அப்படித்தாங்க."

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எட்டு மாசமா விடியக்காலமை ஒராள் என்னை விசாரிச்சிருக்கிறா. நான் அது தெரியாமல் செய்தியைக்கூட ஒழுங்காக் கேக்கேல்லை!"

சிரிக்கத் தொடங்கியவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அவர் மேசையில் பாணும் சம்பலும் இருந்தன. உட்காரச் சொல்லும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. அப்படிப் பசித்தது.